ஒரே லயம், இரண்டு சட்டங்கள்: முகாம்களில் எஞ்சிய மலையகத் தமிழர்

2015 ஜனவரி 9 என்னும் தேதிக்கு இந்திய வரலாற்றில் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. இலங்கை அதிபர் தேர்தலில் மகிந்த ராஜபக்ச தோற்று, மைத்திரிபால சிறிசேன பதவியேற்ற நாள் அது. ஆனால் 2025 செப்டம்பர் முதல், தமிழ்நாட்டில் வாழும் இலங்கைத் தமிழ் ஏதிலியரின் தலைக்கு மேல் அந்தத் தேதி தொங்குகிறது. அந்நாள்வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, அரசிடம் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர், கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் நுழைந்ததற்காகவோ தங்கியதற்காகவோ தண்டிக்கப்பட மாட்டார்கள் என்று ஒன்றிய உள்துறை அமைச்சகம் ஆணை பிறப்பித்திருக்கிறது. அதற்கு மறுநாள் படகிலிருந்து இறங்கியவர் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தின்படி குற்றவாளி. அவருக்கு ஐந்து ஆண்டுவரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இந்த ஆணை வெளியானபோது அதைக் குடியுரிமைக்கான கதவு திறந்ததாகவே சிலர் கொண்டாடினர். கதவு திறக்கவில்லை. சிறைக்கு அனுப்ப மாட்டோம் என்பது ஒன்று. நீ இந்த நாட்டவன் என்பது வேறொன்று. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தில் 2003ஆம் ஆண்டுத் திருத்தம் நுழைத்த ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற சொல் இன்னும் அங்கேயே இருக்கிறது. அந்தச் சொல்லுக்குள் அடைபட்டவர் பதிவின் மூலமாகவும் குடியுரிமை பெற முடியாது, நீண்டகாலம் வாழ்ந்த உரிமையின் மூலமாகவும் பெற முடியாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த, இசுலாமியர் அல்லாத ஆறு சமயத்தாரை மட்டும் அந்தச் சொல்லிலிருந்து விடுவித்தது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. 2019 டிசம்பர் 11 அன்று மாநிலங்களவையில் 125க்கு 105 என்ற வாக்குகளில் அந்த மசோதா நிறைவேறியது. ஆதரித்த 125 பேரில் அ.இ.அ.தி.மு.க. உறுப்பினர்கள் 11 பேர், பா.ம.க. உறுப்பினர் ஒருவர். இந்தப் பன்னிருவர் எதிர்த்து வாக்களித்திருந்தால் கணக்கு என்னவாகியிருக்கும் என்பதை வாசகர்களே கூட்டிக் கழித்துக்கொள்ளலாம்.

இவையெல்லாம் ஓரளவு பேசப்பட்டவை. பேசப்படாதது வேறு. ‘இலங்கைத் தமிழ் ஏதிலியர்’ என்று ஒற்றைச் சொல்லால் நாம் குறிக்கும் இந்த மக்களில் கணிசமானோர் யாழ்ப்பாணத்தையோ மட்டக்களப்பையோ பூர்விகமாகக் கொண்டவர்கள் அல்லர். அவர்கள் மலையகத் தமிழர். இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட கூலிகளின் வழிவந்தவர்கள். இங்குள்ள ஏதிலியரில் ஏறத்தாழ 30,000 பேர் இத்தகையோர் என்பது நெடுநாளாகப் புழங்கிவரும் மதிப்பீடு. அவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் பறையர், பள்ளர், அருந்ததியர் சாதிகளைச் சேர்ந்தவர்கள். தமிழ்நாட்டின் ஏதிலியர் சிக்கல் ஈழச் சிக்கலாக மட்டுமே பார்க்கப்படுகிறது. அது சரிபாதி ஒரு தலித் சிக்கல் என்பதைத் தமிழ்த் தேசியம் பேசுவோரும் சொல்வதில்லை, திராவிட இயக்கத்தாரும் சொல்வதில்லை. நமது இயக்கங்களும் போதிய அளவு சொல்லவில்லை.

இதன் வேர் மண்டபத்தில் இருக்கிறது. இராமேசுவரம் செல்லும் தொடர்வண்டியிலிருந்து பார்த்தால் தெரியும் மண்டபம் முகாமை இன்று நாம் ஏதிலியர் முகாம் என்று அறிவோம். வெள்ளையர் காலத்தில் அது இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய தொற்றுத்தடுப்பு முகாம். திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, இராமநாதபுரம் எனப் பல மாவட்டங்களின் சேரிகளிலிருந்து கங்காணிகள் திரட்டிய ஆட்கள் அங்கே சில நாட்கள் அடைத்துவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, கப்பலேற்றப்பட்டனர். எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்ற குறியீடு பொறித்த தகரத் துண்டு ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்டது.  வழிச்செலவும் முன்பணமும் அந்தத் துண்டோடு சேர்ந்து கடனாக ஏறின. பஞ்சத்துக்கும் பண்ணையார்க்கும் தப்பிச் சென்றவர்கள், லயத்தின் பத்தடி அறையில் கங்காணியின் பற்றுக் கணக்குக்குள் வந்து சேர்ந்தார்கள். பிற்காலத்தில் ஒப்பந்தப்படி ‘தாயகம் திரும்பியோர்’ வந்திறங்கியதும் அதே மண்டபத்தில்தான். 1983க்குப் பின் படகில் தப்பி வந்தோரைக் கொண்டுவந்து நிறுத்தியதும் அதே மண்டபத்தில்தான். 2022 பொருளாதார நெருக்கடியின்போது தனுஷ்கோடி மணல்திட்டுகளில் இறக்கிவிடப்பட்ட குடும்பங்களைக் கொண்டுசேர்த்ததும் அங்கேதான். நூறாண்டுக்கு மேலாக அந்த வாசலில் நிற்பவர் பெரும்பாலும் ஒரே வகை மனிதர். வாசலில் இருந்து கேட்கப்படும் சீட்டு மட்டும் மாறிக்கொண்டிருக்கிறது.

இலங்கை விடுதலை பெற்றதும் முதலில் செய்த காரியங்களுள் ஒன்று, 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டத்தால் ஏறத்தாழ ஏழு லட்சம் தோட்டத் தொழிலாளரை நாடற்றோர் ஆக்கியது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அடுத்த தேர்தலில் வாக்குச்சீட்டே இல்லாதவர் ஆயினர். அப்போது யாழ்ப்பாணத்துத் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அந்த அரசில் அமைச்சராகச் சேர்ந்தார் என்பதும், அதைப் பொறாத செல்வநாயகம் பிரிந்துபோய்த் தமிழரசுக் கட்சி கண்டார் என்பதும் பதிவாகியுள்ள வரலாறு. உயர்சாதித் தமிழருக்கும் லயத்துத் தமிழருக்கும் இடையில் அன்றே ஒரு கோடு இருந்தது என்பதை நினைவூட்டவே இதைச் சொல்கிறோம்.

1964 அக்டோபர் 30 அன்று லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். நாடற்றோர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என முடிவானது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். பங்காளிகள் பாகப்பிரிவினையில் மாடு பிரிப்பதுபோல் நடந்த இந்தப் பிரிவினையில், பிரிக்கப்பட்டவர்களை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னர் விண்ணப்பம் கேட்டபோது பெரும்பான்மையோர் இலங்கையிலேயே இருக்க விரும்பினர் என்பதே உண்மை. இருப்பினும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். அதன்படி ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையிலான மக்களைத் தன் குடிமக்களாக ஏற்கும் கடமையை இந்தியா எழுத்தில் ஒப்புக்கொண்டது.

அந்தக் கடமை முழுமையாக நிறைவேறவில்லை. 1984இல் தலைமன்னார் – இராமேசுவரம் கப்பல் நின்றபோது ஏறத்தாழ 4.6 லட்சம் பேர் வந்திருந்தனர். இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே பல்லாயிரவர் அங்கே சிக்கிக்கொண்டனர். இன்னும் பலர் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தனர். இதற்கிடையே 1958, 1977, 1983 வன்முறைகளில் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டோர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு திருத்திக் குடியேறினர். போர் அங்கேயும் வந்தது. இராணுவத்துக்கும் புலிகளுக்கும் நடுவில் அகப்பட்டு, மீண்டும் கிளம்பி, மன்னாரில் படகேறி இங்கு வந்தனர். வந்த நாள் முதல் அவர்கள் பெயர் ‘அகதி’.

ஒரே லயத்தில் பிறந்த இரு சகோதரர்களை எண்ணிப் பார்ப்போம். மூத்தவர் 1982இல் கடவுச்சீட்டோடு கப்பலில் வந்தார். கோத்தகிரியிலோ கூடலூரிலோ அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தில் வேலை கிடைத்தது. இளையவர் 1990இல் மீன்பிடிப் படகில் வந்தார். இருவர்க்கும் பாட்டன் ஒருவர். அவர் புறப்பட்ட சேரியும் ஒன்று. இன்று மூத்தவரின் பேரன் வாக்காளர். இளையவரின் பேரன் இந்திய மண்ணிலேயே பிறந்திருந்தும் ‘சட்டவிரோதக் குடியேறி’யின் பிள்ளை. மூத்தவர் குடும்பம் சுகமாக வாழ்கிறது என்று எவரும் நினைத்துவிட வேண்டாம். நீலகிரியில் தாயகம் திரும்பியோரின் பிள்ளைகள் சாதிச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகங்களில் அலைந்த கதை தனியே எழுதத்தக்கது. நட்டத்தில் விழுந்த அந்தக் கழகத்தின் இரண்டாயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க 2022இல் அரசு முடிவெடுத்தபோது, குடியிருப்பும் போய்விடுமோ என்று தெருவுக்கு வந்தவர்களும் அவர்களே. ஆனாலும் போராட அவர்களுக்கு ஒரு வாக்காவது இருக்கிறது. இளையவர் குடும்பத்திற்கு அதுவும் இல்லை.

சட்டம் கோடு கிழிப்பதாலேயே மனிதர் வேறாகிவிடும் இந்த விந்தையைப் புரிந்துகொள்ள இலங்கைக்குப் போக வேண்டியதில்லை. இக்கட்டுரை எழுதப்படும் கொல்லிமலை வளப்பூர் நாடே போதும். அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாய கங்கையும் உள்ள இந்நாட்டில் வாழும் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பதே இவர்களின் தோற்றக் கதை. அதாவது, இவர்கள் சொல்வழக்கின்படியே இவர்களும் வந்தேறியவர்கள். காலம் இவர்களை மண்ணின் மக்கள் ஆக்கியது. ஆனால் பழங்குடிப் பட்டியல் ‘மலையாளி’ என்று மட்டும் சொல்லி நிற்கவில்லை. சேலம், தருமபுரி, வடாற்காடு, தென்னாற்காடு, திருச்சி, புதுக்கோட்டை என்று மாவட்டங்களை அடுக்குகிறது. பழைய கோவை மாவட்டம் அதில் இல்லை. ஆகவே ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளி, அதே பெயரும் அதே வழக்கும் உடையவராக இருந்தும், பழங்குடி அல்லர். பல பத்தாண்டுகளாக அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு குமாஸ்தாவின் பேனா ஒரு மாவட்டத்தின் பெயரை எழுத விட்டதால் ஒரு தலைமுறை மாணவர்களுக்குக் கல்லூரி இடம் போகிறது என்றால், கடல் குறுக்கிட்ட இடத்தில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கொல்லிமலையைச் சுற்றியுள்ள சேலம், திருச்சி வட்டாரங்கள் கங்காணிகளின் முதன்மையான ஆள்பிடிக் களங்கள். மலையிறங்கினால் இந்த மாவட்டச் சமவெளியிலேயே ஏதிலியர் முகாம்கள் இருக்கின்றன. கொள்ளுப்பாட்டன் புறப்பட்ட ஊருக்குச் சில மணி நேரப் பயணத்தில், அயல்நாட்டவராக வாழ்வோரும் அவற்றுள் இருக்கலாம்.

முகாமில் தலித்தாக இருப்பது என்றால் என்ன? சாதி உண்டு, சாதிச் சான்றிதழ் இல்லை. முகாமுக்கு வெளியே வாடகை வீடு கேட்டால், உள்ளூர்ப் பெண்ணை மணந்தால், சாதி முதலில் வந்து நிற்கும். ஆனால் கல்லூரி இட ஒதுக்கீட்டுக்கு, பட்டியல் சாதி உதவித்தொகைக்கு, அரசுப் பணிக்கு அந்தச் சாதி செல்லாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோரினால், பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்று மெய்ப்பிக்கும் காகிதம் எங்கே என்ற கேள்வி எழும். இழிவை முழுமையாகப் பெற்று, அதற்கு ஈடாக அண்ணல் அம்பேத்கர் அரசமைப்பில் எழுதிவைத்த காப்பை மட்டும் பெறாத ஒரு தலித் சமூகம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

தமிழ்நாடு அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. 7,469 புதிய வீடுகள் கட்டுவதாகச் சொல்லி, அவற்றுள் பல கட்டி ஒப்படைக்கப்பட்டுள்ளன. மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய் ஆனது. முகாம்களின் பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது. அப்போது அரசு தந்த கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேரும், வெளியே 34,087 பேரும் வாழ்ந்தனர். பத்துக்குப் பத்து அடித் தகரக் கொட்டகையில் மூன்று தலைமுறை படுத்துறங்கியதைக் கண்டவர்கள், புதிய வீட்டின் அருமையை இகழ மாட்டார்கள். ஆயினும் அந்த வீட்டின் வாசலில் கியூ பிரிவுக் காவலரின் வருகைப் பதிவேடு இன்னும் நிற்கிறது. வீடு கட்டித் தருவது மாநிலத்தின் கருணை. குடியுரிமை ஒன்றியத்தின் அதிகாரம் என்ற பிரிவினைக்குள் ஒளிந்துகொள்வது எல்லாக் கட்சிகளுக்கும் வசதியாக இருக்கிறது. வாக்கில்லாதவருக்காக எந்த வேட்பாளரும் தெருவில் இறங்குவதில்லை.

நீதிமன்றங்களில் இரு குரல்கள் கேட்கின்றன. 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்சி முகாம்களைச் சேர்ந்த இந்திய வம்சாவளியினர் தொடுத்த வழக்கில், அவர்களின் வரலாற்றை விரிவாக எடுத்துரைத்து, அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலித்து முடிவெடுக்குமாறு ஒன்றிய அரசுக்குக் கட்டளையிட்டது. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்த எவரும் பிறப்பாலேயே குடிமகர் என்ற சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்ற ஆணையால் கடவுச்சீட்டு பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்த குரல் வேறு. தண்டனைக் காலம் முடிந்தும் நாடு கடத்தலுக்கு அஞ்சிய இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவைத் தள்ளுபடி செய்தபோது, உலகத்து ஏதிலியரையெல்லாம் தங்கவைக்க இந்தியா ஒன்றும் தரும சத்திரம் அல்ல என்ற பொருளில் நீதிபதிகள் பேசினர். தரும சத்திரத்தில் தங்க வந்தவரைப் பற்றிய பேச்சு அது. ஒப்பந்தம் போட்டு ஏற்றுக்கொண்டவரை அதே தராசில் வைக்கக் கூடாது. மலையகத் தமிழர் கேட்பது விருந்தோம்பல் அன்று. 1964இல் எழுதிக் கொடுத்த கடனைக் கேட்கிறார்கள்.

போர் முடிந்துவிட்டதே, திரும்பிப் போகலாமே என்று கேட்போர் உண்டு. யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ காணி உள்ளவருக்கு அது ஒரு தெரிவாக இருக்கலாம். போக விரும்புவோர் தடையின்றிப் போகவும் வழி வேண்டும். அந்த வழியும் எளிதாக இல்லை. 2025 மே மாதத்தில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டிலேயே ஊர் திரும்பிய முதியவரைப் பலாலி விமான நிலையத்தில், முன்பு கடவுச்சீட்டின்றி நாட்டை விட்டு வெளியேறினார் என்று கைது செய்தார்கள். மலையகத்தாருக்கோ திரும்பிப் போக ஓர் இடமே இல்லை. லயம் தோட்டக் கம்பெனியுடையது. வன்னியில் திருத்திய காட்டுக்குப் பலரிடம் பட்டா இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவர்களை நாடற்றோர் ஆக்கிய இலங்கையே 2003ஆம் ஆண்டின் 35ஆம் எண் சட்டத்தால், 1964 அக்டோபர் 30 முதல் அங்கு நிலையாக வாழ்ந்தோருக்கும் அவர்தம் வழியினருக்கும் எளிய விண்ணப்பத்தின் பேரில் குடியுரிமை கொடுத்தது. கொடுமையைத் தொடங்கிய நாடு ஒரு படிவத்தால் அதை முடித்துக்கொண்டது. அதே 2003இல்தான் இந்திய நாடாளுமன்றம் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற பூட்டைச் செய்தது.

தலித் ஏதிலியரை இந்தியா நடத்திய முறையில் இது தனித்த நிகழ்வு அன்று. பிரிவினையின்போது துப்புரவுத் தொழில் நின்றுவிடும் என்று பட்டியல் சாதியினரைச் சிந்து மாகாணத்திலிருந்து வெளியேற விடாமல் பாகிஸ்தான் தடுத்தது. வந்து சேர்ந்தவரையும் இங்குள்ள முகாம்களின் அதிகாரிகள் பாகுபாட்டோடு நடத்துகின்றனர் என்று 1947 டிசம்பரில் நேருவுக்கு அம்பேத்கர் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த நாமசூத்திரர்களைத் தண்டகாரண்யக் காட்டுக்கு அனுப்பினார்கள். அங்கு வாழ முடியாமல் சுந்தரவனத்தின் மரிச்சாப்பி தீவில் குடியேறியவர்களை, 1979இல் மேற்கு வங்க இடதுசாரி அரசே முற்றுகையிட்டுச் சுட்டு விரட்டியது. உயர்சாதி ஏதிலியர் கொல்கத்தா நகருக்குள் காலனிகள் அமைத்து நிலைபெற்ற அதே மாநிலத்தில் இது நடந்தது.

இலங்கையையும் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் சேருங்கள் என்ற கோரிக்கை தமிழ்நாட்டில் அடிக்கடி எழுகிறது. அதை நாம் ஐயத்தோடே பார்க்க வேண்டும். சமயத்தை வைத்து மனிதரைப் பிரிக்கும் ஒரு சட்டத்தில் ‘நாங்களும் இந்துக்கள்’ என்று சொல்லி நுழைவது, இசுலாமிய ஏதிலியரை வெளியே நிறுத்திய கதவைத் தாங்கிப் பிடிப்பதாகும். மலையகத்தில் கிறித்தவரும் பலர். அவர்கள் இன்னொரு வரிசையில் நிற்க வேண்டியதும் இல்லை. இந்திய வம்சாவளியினரைப் பதிவின் மூலம் குடிமகர் ஆக்கும் பிரிவு குடியுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒப்பந்தத்தின் கீழ் இலட்சக்கணக்கானோர் பதிவு செய்யப்பட்டதும் பதிவு முறையில்தான். அந்தப் பிரிவைத் தடுக்கும் ‘சட்டவிரோதக் குடியேறி’ முத்திரையை, வந்த நாளிலிருந்தே இவர்களுக்குப் பொருந்தாது என்று நீக்கினால் போதும். செப்டம்பர் ஆணையில் தண்டனையிலிருந்து விலக்களிக்க முடிந்த அரசுக்கு இதைச் செய்ய முடியாது என்பதை நம்புவதற்கில்லை. குடியுரிமையோடு சேர்த்துச் சாதிச் சான்றிதழும் வேண்டும். இல்லையேல் நீலகிரியில் நடந்ததே மறுபடி நடக்கும்.

மாநில அரசு ஒன்றியத்தைக் காத்திருக்காமல் செய்யக்கூடிய வேலையும் உண்டு. முகாம்களில் மலையக வழியினர் எத்தனை பேர், அவர்களின் முன்னோர் எந்த மாவட்டம், எந்தச் சாதி, கையில் எந்தக் காகிதம் என்று குடும்பவாரியாக எழுதித் தொகுப்பதே அது. பழைய கடவுச்சீட்டு, தோட்டப் பதிவுத் துண்டு, ஒப்பந்தகால விண்ணப்ப எண் ஆகியவை முகாம்களின் தகரப் பெட்டிகளில் இன்னும் கிடக்கலாம்; வைத்திருக்கும் முதியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்பட உள்ளது. கணக்கெடுப்பாளர் முகாமுக்குள்ளும் நுழைவார். அங்கே அவர் சாதிக் கட்டத்தில் எதை எழுதுகிறார், எழுதாமல் விடுகிறார் என்பதைப் பார்த்துக்கொள்ள, ஒவ்வொரு முகாமுக்கும் அருகிலுள்ள கல்லூரி மாணவர்களும் நமது இயக்கத் தோழர்களும் இப்போதே உள்ளே போய் வரத் தொடங்க வேண்டும்.